கதவைச் சாத்திக் கேட்க வேண்டிய கேள்வி

கை குலுக்கியாகிவிட்டது, அதற்கு மேல் இரண்டு குவளை ஏல், அதாவது பார்லிக் கள், குடித்தாகிவிட்டது, ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் விஷயத்தைச் சொன்னான்.

அம்ப்ரோஸ் கையுறை தைக்கிறவன். கெட்டிக்காரன். ஆனால் கடை என்று ஒன்று கிடையாது. சந்தை நாளில் மேசையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போய் மழையில் நிற்பான். சந்தைச் சதுக்கத்து மூலையில் மால்ட் வியாபாரி ஃபுல்க்குக்கு ஒரு கடை இருந்தது. அம்ப்ரோஸுக்கு அதன் மேல் பத்து வருஷத்து ஆசை. ஃபுல்க்குக்கோ ஆட்டுத்தெருக் கிணற்றின் மேல் ஆசை. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் காயவைத்தால்தான் மால்ட். தண்ணீர் இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. ஆட்டுத்தெருக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. கடையை நீ எடுத்துக்கொள், கிணற்றை எனக்குக் கொடு என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். கிணறும் அதைச் சுற்றிய அரை ஏக்கரும் அம்ப்ரோஸுடையது அல்ல, டாமரிஸுடையது.

டாமரிஸின் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அவர் செத்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. பிரபுவின் மன்றத்தில் சாட்சிக்கு உட்காரும் பன்னிரண்டு குடிகள் முன்னால் நின்று, காரியஸ்தர் நீட்டிய கோலைப் பிடித்து, அப்பாவின் நிலத்தை வாங்கிக்கொண்டாள். பதிவுச் சுருளில் அவள் பேர் ஏறியது. அந்த வரியின் நகல் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஆல்டர்விக்கில் அந்த நகல்தான் பத்திரம். அதன் பிறகுதான் கல்யாணம். அம்ப்ரோஸுக்கு அது இரண்டாம் தாரம். கிணற்றடிக் கொட்டகையில் ஏல் காய்ச்சி விற்கத் தொடங்கியவள், இந்தப் பன்னிரண்டு வருஷமாக ஒரு வாரம்கூட அடுப்பை அணையவிட்டதில்லை.

விஷயத்தைக் கேட்டவள் கோபப்படவில்லை. கடை யார் பேரில் வரும் என்று மட்டும் கேட்டாள்.

“என் பேர்லதான். கடைக்காரன் நான்தானே?”

“ரெண்டு பேர் பேரும் எழுதச் சொல்லுங்க. நமக்கப்புறம் நம்ம மக லெட்டிஸ் பேரையும்.”

அம்ப்ரோஸ் சிரித்தான். ஒரே வீட்டுச் சொத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்றான். பேசினது பேசினதுதான், இப்போது போய் மாற்றிப் பேசினால் ஃபுல்க் தன்னை ஆண்பிள்ளையாக மதிப்பானா என்றான்.

அவன் சிரித்த இடத்தில்தான் டாமரிஸ் கணக்குப் போட ஆரம்பித்தாள். லெட்டிஸ் அவர்களுடைய ஒரே மகள், வயது ஆறு. இன்றைக்கு இருக்கிறபடி டாமரிஸ் கண்ணை மூடினால் கிணறும் நிலமும் லெட்டிஸுக்கு. கடை அம்ப்ரோஸ் பேரில் வந்தாலோ, அவனுக்குப் பிறகு அது மூத்த தாரத்து மகன் ஜாஸ்பருக்குப் போகும். ஜாஸ்பர் கெட்டவன் இல்லை. பக்கத்து ஊரில் கொல்லுப்பட்டறை, ஐந்து பிள்ளைகள். ஐந்து பிள்ளைக்காரன் சிற்றன்னைக்கும் அவள் மகளுக்கும் கடையை விட்டுவைப்பானா? எங்கள் ஊர் வழக்கப்படி விதவை தன் புருஷன் வீட்டில் ஒரு வருஷமும் ஒரு நாளும் இருக்கலாம். அதற்கு அடுத்த நாள் தெரு.

மூன்று வாரம் அவனிடம் பேசிப் பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற வேலை. முதல் வாரம் சிரித்தான், இரண்டாம் வாரம் கத்தினான், மூன்றாம் வாரம் பதிலே சொல்லாமல் தோலை வெட்டிக்கொண்டிருந்தான். மாதா கோயிலில் கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள், எதற்கம்மா வீண் சண்டை, அவன் என்ன தெருவில் விற்றுவிட்டா வருகிறான் என்றார்கள். டாமரிஸ் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று அம்ப்ரோஸ் நினைத்தான். புருஷன்மார்கள் பெண்டாட்டி பேசாமல் இருக்கும்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பயப்பட வேண்டிய நேரமும் அதுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அவள் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வரியை. வருஷா வருஷம் செப்டம்பர் மாதத்துப் பெரிய மன்றத்தில் ஊர் வழக்கங்களை எல்லாம் காரியஸ்தர் சத்தமாகப் படிப்பார். யாரும் கேட்பதில்லை. பன்றி விலையைப் பேசிக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் தூங்குவார்கள். மன்றத்துக்கு ஏல் ஊற்றுகிறவள் டாமரிஸ். பன்னிரண்டு வருஷம் குவளையை நிரப்பிக்கொண்டே முழுவதையும் கேட்டிருந்தாள். அதில் ஒரு வரி: புருஷனோடு சேர்ந்து தன் நிலத்தை விட்டுக்கொடுக்க வரும் மனைவியை, காரியஸ்தர் தனியே, புருஷன் காதில் விழாமல், கதவைச் சாத்திக்கொண்டு, மனமார விடுகிறாளா என்று கேட்க வேண்டும்.

நடைமுறையில் கதவும் கிடையாது, தனிமையும் கிடையாது. புருஷன் முழங்கை இடிக்கிற தூரத்தில் நிற்பான். காரியஸ்தர் சுருளைவிட்டுத் தலையைத் தூக்காமலே, சம்மதம்தானேம்மா என்பார். அவள் தலையை ஆட்டுவாள். இரண்டு நொடியில் முடிந்துவிடும்.

மார்ச் மாதத்து மன்றம் சந்தை மண்டபத்தின் மாடியில் கூடியது. கீழே ஆடு கத்துவது மேலே கேட்கும். பன்னிரண்டு குடிகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கூரை வேய்கிற கட்பர்ட். பெஞ்சில் இருக்க வேண்டிய ஃபுல்க், தன்னுடைய காரியம் என்பதால் அன்றைக்குத் தன் இடத்தில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு வந்து, மேசைக்கு இந்தப் பக்கம் அம்ப்ரோஸோடு நின்றான். காரியஸ்தர் ஹோர்ஸ்லி நகரத்திலிருந்து குதிரையில் வருகிறவர். அன்றைக்கு நாற்பது காரியம் இருந்தது, அதில் இது பதினேழாவது.

எங்கள் ஊரில் யாரும் நிலத்தை நேராக இன்னொருவனுக்குக் கொடுத்துவிட முடியாது. நிலம் பிரபுவுடையது. விடுகிறவர் கோலைப் பிடித்துக் காரியஸ்தர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் அதே கோலை வாங்குகிறவரிடம் நீட்டுவார். பன்னிரண்டு பேர் கண்ணெதிரே கோல் கை மாறினால்தான் நிலம் கை மாறும்.

பேர் கூப்பிட்டார்கள். அம்ப்ரோஸும் டாமரிஸும் முன்னால் போனார்கள். ஹோர்ஸ்லி வழக்கம்போலத் தலை நிமிராமல் கேட்டார்.

“சம்மதம்தானேம்மா?”

“கதவு எங்கங்க?” என்றாள் டாமரிஸ்.

அவர் தலையைத் தூக்கினார். “எந்தக் கதவு?”

“தனியா வெச்சு, கதவைச் சாத்திக் கேக்கணும்னு நீங்கதான் வருஷா வருஷம் படிக்கிறீங்க. இங்க என் வீட்டுக்காரர் நிக்கிறார். ஃபுல்க் ஐயா நிக்கிறார். கீழே ஆடுகூட நின்னு கேக்குது.”

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர், யாரோ ஒருவர் மனைவி மேசையோரம் தலையாட்டியதால் வந்த நிலத்தைத்தான் உழுதுகொண்டிருந்தார்கள். கதவு கட்டாயம் என்றால் அவர்கள் நகல் என்ன ஆவது? இல்லை என்று சொன்னாலும் வம்பு. இருபது வருஷமாக அவர்கள் காதுபடப் படித்த வரி. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஹோர்ஸ்லி அந்த முகங்களைப் படித்தார். சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். போனால் போகிறது, இந்த அம்மாள் ஆசைக்கு ஒரு தரம் என்றார். வழக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். கம்பளித் தராசு வைக்கிற பக்கத்து அறைக்குள் அவளை வரச் சொல்லி, கதவைச் சாத்தினார்.

அறையில் ஆட்டுக் கம்பளி நாற்றம். ஹோர்ஸ்லி சுருளைத் தராசுத் தட்டின் மேல் வைத்துவிட்டு, மனமார விடுகிறாயா என்று முறைப்படி கேட்டார்.

“இல்லீங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். கோபக்காரர் இல்லை, அலுத்துப் போனவர்.

“உன்னை அடிக்கிறானா?”

“இல்லீங்க.”

“குடிச்சு அழிக்கிறானா?”

“எல்லாரும் குடிக்கிற அளவுதான். அதுவும் நான் காய்ச்சினதுதான்.”

பிறகு என்ன கேடு என்று கேட்டார். கடையில் தன் பேர் இல்லை, மகள் பேர் இல்லை, அவ்வளவுதான் என்றாள். சொல்லிக்கொண்டே தராசுத் தட்டைப் பார்த்தவளுக்குப் பேச்சு நின்றது. சுருள் கொஞ்சம் விரிந்து கிடந்தது. எழுத்து லத்தீன், அது அவளுக்குத் தெரியாது. ஆனால் தன் பேரின் உருவம் தெரியும். வீட்டுப் பெட்டியில் இருக்கிற நகலில் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். அந்தப் பேர் இங்கே இருந்தது. விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மை ஒட்டவில்லை, எப்போதோ காய்ந்திருந்தது.

“இதுல என்ன எழுதியிருக்குங்க?”

ஹோர்ஸ்லி பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். “டாமரிஸ், தனியாகக் கேட்கப்பட்டு, மனமாரச் சம்மதித்தாள்.”

“எப்ப எழுதினீங்க?”

“நேத்து.” பிறகு அவரே சமாதானம் சொன்னார். ஒரே நாளில் நாற்பது காரியம், குமாஸ்தா முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவது வழக்கம். “எல்லாப் பொம்பளையும் சரின்னுதாம்மா சொல்றாங்க. மாட்டேன்னு ஒருத்தி சொன்னதா இந்தச் சுருள்ல ஒரு வரிகூடக் கிடையாது.”

கேட்காதவரையில் யார் சொல்வார்கள் என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் அவளைக் குலுக்கியது. மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தைக்குக் கணக்கு விளக்குகிற மாதிரி சொன்னார்.

“யோசிச்சுப் பாரு. இங்க இருக்கிறது நீயும் நானும். வெளிய போய் நான் சம்மதம்னு சொன்னா, இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா? சுருள் இருக்கு. சுருள்தான் பேசும். எதுக்கு உன் வீட்டுல நீயே சண்டையை மூட்டிக்கிற?”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது. மேசையோரம் நின்று எல்லார் காதிலும் விழும்படி மாட்டேன் என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டு சாட்சி இருந்திருக்கும். அடம்பிடித்துக் கதவைக் கேட்டு வாங்கினாள். இப்போது அந்தக் கதவே அவள் சொன்ன சொல்லை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டது. டாமரிஸ் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். லெட்டிஸின் முகம் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அழுதால் அதையும் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள் என்று விழுங்கினாள்.

“நான் மாட்டேன்னு சொன்னேன். வெளிய நீங்க என்ன சொல்றீங்கங்கிறது உங்க பாடு, உங்க ஆண்டவர் பாடு” என்று சொல்லிவிட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு வந்தாள்.

வெளியே எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஹோர்ஸ்லி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார், தொண்டையைக் கனைத்தார், தனியே கேட்டதாகவும் அவள் சம்மதித்ததாகவும் அறிவித்தார். அம்ப்ரோஸ் நிம்மதியாக மூச்சு விட்டான். அவர் கோலை எடுத்து மேசைக்கு மேலே குறுக்காக நீட்டினார். முழ நீள வெள்ளைக் கோல். அம்ப்ரோஸ் ஒரு முனையைப் பிடித்தான்.

டாமரிஸ் இரண்டு கையையும் மேலாடைத் துணிக்கு அடியில் கொண்டுபோனாள்.

“பிடிம்மா” என்றார் ஹோர்ஸ்லி.

அவள் அசையவில்லை. கத்தவில்லை, மன்றத்தில் காரியஸ்தரைப் பொய்யர் என்று சொல்லவுமில்லை; சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வெளியே தள்ளியிருப்பார்கள். கையை மட்டும் கொடுக்கவில்லை. நேரம் போனது. கீழே யாரோ ஆட்டுக்குப் பேரம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

ஃபுல்க், அம்ப்ரோஸ் பிடித்தால் போதாதா, புருஷன் கை பெண்டாட்டி கைதானே என்றான். கட்பர்ட் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“நிலம் அந்தப் பொண்ணோடது. கோல் அந்தப் பொண்ணு கையால வரணும்.”

அம்ப்ரோஸின் முகம் காது வரை சிவந்தது. ஊர் முழுக்கப் பார்க்கிறது, அவன் கொடுத்த வார்த்தை சந்தி சிரிக்கிறது. குனிந்து, துணிக்கு அடியில் கையை விட்டு, அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் திமிறவில்லை. இழுத்த இழுப்புக்குக் கை போனது. ஆனால் விரல்களை இறுக மூடிக்கொண்டாள். கோலுக்கு மேலே அவள் முஷ்டி நின்றது, அதைச் சுற்றி அவன் பிடி.

“அம்ப்ரோஸ், கையை விடுப்பா” என்றார் கட்பர்ட்.

“இது எங்க வீட்டு விஷயம் பெரியவரே.”

“வீட்டுல பிடிச்சிருந்தா உங்க வீட்டு விஷயம். எங்க பன்னெண்டு பேர் கண்ணு முன்னால பிடிச்சிருக்க. நீ இழுத்துக்கிட்டு வர்ற கை, மனமார வர்ற கை ஆகுமா? நாங்க என்னன்னு சாட்சி சொல்றது?”

அம்ப்ரோஸ் தன் கையைப் பார்த்தான். என்ன செய்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. விட்டான். அவன் விட்ட பிறகும் அவள் முஷ்டி ஒரு கணம் கோலுக்கு மேல் அப்படியே நின்றது. விரலைத் திறந்தால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஹோர்ஸ்லிகூட அதற்காகக் கோலைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார். டாமரிஸ் கையைத் திரும்பத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“உள்ள என்னம்மா சொன்ன?” என்று கட்பர்ட் கேட்டார்.

ஹோர்ஸ்லி குறுக்கே வந்தார். உள்ளே பேசியது ரகசியம், கேட்கக் கூடாது என்றார்.

“ரகசியம் அவளைக் காப்பாத்த ஏற்பட்டதுங்க. அவளே சொல்ல வந்தா நாம யாரு வாயைப் பொத்த? சொல்லும்மா.”

“மாட்டேன்னு சொன்னேன்.”

பெஞ்சில் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஹோர்ஸ்லி கோலைக் கீழே வைத்தார். அந்த அம்மாள் மனம் மாறிவிட்டாள் போலிருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு, பதினெட்டாவது காரியத்தைக் கூப்பிடச் சொன்னார். டாமரிஸ் நகரவில்லை.

“இன்னும் என்ன?”

“எழுதி வெச்சதைச் சுரண்டுங்க. நான் பார்க்கணும்.”

சாயங்காலம் குமாஸ்தா செய்வான் என்றார். இப்போதே என்றாள். சுருள் ஆட்டுத்தோல், சுரண்டினால் தழும்பு விழும், சுருளின் அழகு கெட்டுவிடும் என்றார். விழட்டும் என்றாள். பதினெட்டாவது காரியத்துக்காரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் காத்திருந்தான். அவளுக்காக ஒதுங்கி நின்றான். கடைசியில் ஹோர்ஸ்லி பேனாக்கத்தியை எடுத்தார். கரக் கரக் என்று சுரண்டும் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று அவர் கட்பர்ட்டைப் பார்த்துக் கேட்டார். இப்படி ஒரு வரியை அவர் எழுதிப் பழகியதில்லை.

“கேட்டோம், மாட்டேன்னுட்டா. வேற என்ன இருக்கு?”

அதையே லத்தீனில் எழுதினார். மை காயும்வரை டாமரிஸ் நின்றாள். பிறகுதான் படியிறங்கினாள்.

அம்ப்ரோஸ் அதற்குள் பாதித் தெரு போயிருந்தான். சந்தையில் அவனைப் பார்த்துச் சிரித்தவர்களை அவள் கவனித்தாள்; அவளுக்கு மனது வலித்தது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சந்தோஷமும் இருந்தது, ஆனால் பயம்தான் அதிகமாக இருந்தது. ராத்திரிச் சோற்றுக்கு ஒரே மேசையில் உட்கார வேண்டியது இவனோடுதானே? ஆட்டுத்தெருத் திருப்பத்தில் அவன் நின்றான், அவள் வரட்டும் என்று.

“உள்ள என்னைப் பத்தி என்ன சொன்ன?”

“அடிக்கிறதில்ல, அழிக்கிறதில்லன்னு சொன்னேன்.”

“இன்னிக்குக் கையைப் பிடிச்சிட்டேன்” என்றான் அம்ப்ரோஸ். அவள் மணிக்கட்டைப் பார்க்காமல் சொன்னான். “நான் நல்லவன் இல்லையா, டாமரிஸ்?”

“நல்லவர்தான்.”

“அப்புறம் எதுக்கு என்னை இப்படி ஊர் முன்னால நிக்க வெச்ச? நான் உங்க ரெண்டு பேரையும் தெருவுல விட்டுடுவேனா?”

“நீங்க விடமாட்டீங்க. ஆனா நல்லவங்களும் ஒரு நாள் செத்துப்போறாங்க. அன்னிக்கு லெட்டிஸுக்கு ஏழு வயசா, பதினேழான்னு உங்களுக்குத் தெரியுமா? செத்தவன் நல்லவன்னு சொன்னா ஜாஸ்பர் கதவைத் திறப்பானா? சுருள்ல என்ன இருக்குன்னுதான் கேப்பான்.”

அவன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான். பெரிய ஆபத்துகளை எல்லாம் சாவை நினைக்காமலே தாண்டிவிடுகிற மனிதன் அவன். நல்ல உடம்பு, நல்ல பசி. தான் இல்லாத ஆட்டுத்தெருவை அவன் அதுவரை ஒரு தரம்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

“மூணு பேர் பேரும் எழுதணும்னா ஃபுல்க் ஒத்துக்கணும்” என்றான் கடைசியில்.

“போய்க் கேளுங்க. அடுத்த மன்றத்துக்கு மூணு வாரம் இருக்கு. அவர் அப்படி எழுதிக் கொடுத்தா கோலை நானே பிடிச்சுக் கொடுக்கிறேன், யாரும் இழுக்க வேண்டாம். கொடுக்கலைன்னா, கிணறு நம்மகிட்ட இருக்கு, எனக்குக் காய்ச்சுற வேலையும் இருக்கு.”

“அவன் முடியாதுன்னா?”

“முடியாதுன்னு சொல்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. சொல்லிட்டு அதுலயே நிக்கிறதுதான் கஷ்டம். அவருக்குத் தண்ணி வேணும், ரொம்ப நாள் நிக்கமாட்டார்.”

டாமரிஸ் கொட்டகைக்குள் போய்ச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிணற்றில் வாளியை இறக்கினாள். அம்ப்ரோஸ் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சந்தை வழியாகவே, ஃபுல்க்கின் வீட்டைப் பார்த்து நடந்தான்.